மேடைப் பேச்சும் மேசைப் பேச்சும்

கல்லூரி வளாக வேலைத் தேர்வுகளில் ‘ஜி.டி.’ (குழு விவாதம்) என்றொரு சுற்று உண்டு. எட்டுப் பத்துப் பேரை வட்டமாக உட்காரவைத்து, ‘இணையவழிக் கல்வி வரமா, சாபமா?’ என்பதுபோல ஒரு தலைப்பைக் கொடுத்து, கால் மணி நேரம் பேசச் சொல்வார்கள். இந்தச் சுற்றுக்கென்றே பயிற்சி தருபவர்கள் சொல்லிக்கொடுப்பது பெரும்பாலும் ஒரே பாடம்தான்: முதல் ஆளாக வாயைத் திற, அது தவறிவிட்டால் கடைசி ஆளாகத் தொகுத்துச் சொல், நடுவில் இரண்டு முறையாவது குறுக்கிடு, ஆங்கிலத்தில் தடுமாறாதே. குழுவாகப் பேசும் திறனைச் சோதிக்க வந்த சுற்று, அடுத்தவர் பேச்சை எப்படித் தாண்டிப்போவது என்கிற ஓட்டப்பந்தயமாகிவிட்டது. அந்தக் கால் மணி நேரத்தில் யாரும் எதையும் தீர்த்துவைப்பதில்லை. தீர்க்க அங்கே எதுவும் இல்லை. உள்ளே போகும்போது நினைத்ததை மாற்றிக்கொண்டு வெளியே வருபவர் அரிது. மாற்றிக்கொண்டதாகக் காட்டினால் மதிப்பெண் குறையுமோ என்ற பயம் வேறு. வேலையில் சேர்ந்த மறுநாளே அவர்களுக்குத் தேவைப்படுவதோ இதற்கு நேரெதிரான திறன். நான்கு பேர் ஒரு பழுதைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு துண்டுத் தகவலை வைத்துக்கொண்டு, அது ஏன் பழுதானது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

பேச்சுக்குப் பஞ்சமில்லாத நாடு நம்முடையது. பள்ளி ஆண்டுவிழாப் பேச்சுப் போட்டி, பட்டிமன்றம், வழக்காடு மன்றம், அரசியல் மேடை என்று ஆயிரம் பேரை ஒருவர் கட்டிப்போடும் கலையைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்து வைத்திருக்கிறோம். அதைக் குறைத்துச் சொல்ல இடமில்லை. ஆனால், நல்ல பேச்சு என்றாலே நம் மனதில் எழும் உருவம் இந்த மேடைதான் என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பட்டிமன்றத்தில் அணிகள் முன்கூட்டியே பிரிந்துவிடுகின்றன. எதிரணி சொல்வதில் உண்மை இருந்தால் அதை ஒப்புக்கொள்வது தோல்வி. முடிவைச் சொல்ல நடுவர் இருக்கிறார். பேசுபவர்கள் முடிவுக்கு வரவேண்டிய கட்டாயமே இல்லை. மேசையைச் சுற்றி உட்காரும் நால்வருக்கு நடுவர் கிடையாது, கைதட்டலும் கிடையாது. அங்கே எதிரில் இருப்பவர் சொல்வதில் உள்ள உண்மையை எடுத்துக்கொள்ளாதவர்தான் தோற்கிறார், அவரோடு சேர்ந்து மற்ற மூவரும் தோற்கிறார்கள். இந்த மேசைப் பேச்சு பிறவிக் குணம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இல்லையென்றால், நான்கு வகுப்பெடுத்தால் வந்துவிடும் என்று நினைக்கிறோம். இரண்டும் பிழை. தனியாளுக்கு எட்டாத ஒரு சிக்கலை மூன்று நான்கு பேர் சேர்ந்து தீர்த்து, தீர்த்த பிறகு தாங்கள் பேசிய விதத்தைத் திரும்பிப் பார்ப்பதன் வழியாகவே அது படிகிறது. நம் கல்விக்கூடங்களில் இந்த இரண்டும் ஒருசேர நடப்பதே இல்லை என்பதுதான் என் வாதம்.

அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் பிரிஜிட் பேரன் 2003இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இந்த இடத்தில் நிறையச் சொல்லித்தருகிறது. நன்றாகப் படிக்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை மூவர் மூவராகப் பிரித்து, 12 குழுக்களுக்கும் பல படிகள் கொண்ட ஒரே கணக்கைக் கொடுத்து, அவர்கள் பேசியதைச் சொல் சொல்லாக ஆராய்ந்தார். சில குழுக்கள் கணக்கை நன்றாக முடித்தன, சில முடிக்கவில்லை. முடிக்காத குழுக்களில் யாருக்கும் சரியான வழி தோன்றவில்லை என்றுதானே நினைப்போம்? நடந்தது வேறு. சரியான யோசனைகள் இருவகைக் குழுக்களிலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் எழுந்தன. வென்ற குழுவில் ஒருவர் சரியானதைச் சொன்னதும் மற்றவர் அதைப் பிடித்துக்கொண்டார், ‘எப்படி?’ என்று கேட்டார், அதன்மேல் அடுத்த படியைக் கட்டினார். தோற்ற குழுவில் அதே யோசனை சொல்லப்பட்டது; யாரும் காதில் வாங்கவில்லை, அல்லது காரணம் சொல்லாமலே தள்ளிவிட்டார்கள். விடை மேசைமேல் கிடந்தது, எடுக்கத்தான் ஆளில்லை. குழு தோற்றால் ‘அறிவு போதவில்லை’ என்று முடிவு கட்டுவது நம் பழக்கம். அறிவு போதுமான அளவு இருந்தும் கேட்கும் காது இல்லாததால் தோற்கும் குழுக்கள் உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

காது இருந்தாலும் வேறொரு பள்ளம் இருக்கிறது. 1985இல் கெரால்ட் ஸ்டாஸர், வில்லியம் டைட்டஸ் என்ற இரு உளவியலாளர்கள், மாணவர் தலைவர் பதவிக்கு மூன்று வேட்பாளர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் வேலையை நான்கு பேர் கொண்ட குழுக்களிடம் கொடுத்தார்கள். ஒருவகைக் குழுவில் எல்லோருக்கும் எல்லாத் தகவலும் தரப்பட்டது. இன்னொரு வகையில், சிறந்த வேட்பாளரின் நல்ல அம்சங்களை நால்வருக்கும் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்தார்கள். நால்வரும் கையில் இருப்பதைக் கொட்டினால்தான் அவர் சிறந்தவர் என்பது தெரியும். கொட்டவில்லை. எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்ததையே திரும்பத் திரும்பப் பேசி, தவறான ஆளைத் தேர்ந்தெடுத்துவிட்டு நிறைவாக எழுந்துபோன குழுக்களே மிகுதி. பின்னர் கால் நூற்றாண்டில் நடந்த 65 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, முழுத் தகவலும் கையில் இருந்த குழுக்களோடு ஒப்பிட்டால் இப்படித் தகவல் சிதறிய குழுக்கள் சரியான முடிவை எட்டும் வாய்ப்பு எட்டில் ஒரு பங்குதான் என்று தெரியவந்தது. நம் அலுவலகக் கூட்டங்களை நினைத்துப் பார்த்தால் இதில் வியப்பில்லை. எல்லோருக்கும் தெரிந்ததைச் சொல்பவருக்கு எல்லோரும் தலையாட்டுகிறார்கள். தனக்கு மட்டும் தெரிந்ததைச் சொல்பவர் அதை மெய்ப்பிக்கவும் வேண்டியிருக்கிறது. ஆகவே வாயை மூடிக்கொள்வது லாபம்.

இந்த லாபக்கணக்கு உயிரையும் வாங்கும் என்பதை விமானத்துறை கற்றுக்கொண்டது. 1978 டிசம்பர் 28 அன்று அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகருக்கருகே யுனைடெட் நிறுவனத்தின் டிசி-8 விமானம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வட்டமிட்டுக்கொண்டிருந்தது. இறங்கு சக்கரம் சரியாகப் பூட்டிக்கொண்டதா என்ற ஐயம். தலைமை விமானி அதிலேயே மூழ்கிப்போனார். எரிபொருள் குறைந்துகொண்டே போவது உடனிருந்தவர்களுக்குத் தெரியும். சொல்லவும் செய்தார்கள், ஆனால் பட்டும் படாமலும், அவர் மனம் கோணாமலும். எரிபொருள் தீர்ந்து விமானம் விழுந்தது, 10 பேர் இறந்தார்கள். ஓட்டத் தெரியாததால் நேர்ந்த விபத்தாக யாராலும் அதைப் பார்க்க முடியவில்லை. ஓட்டியறையில் இருந்த மூவர் பேசிக்கொண்ட விதம்தான் விசாரணையின் முன்னே நின்றது. மறு ஆண்டு நாசா ஒரு பயிலரங்கைக் கூட்டியது. 1981இல் அதே யுனைடெட் நிறுவனம் விமானிகளுக்குக் குழுவாகப் பேசவும் கேட்கவும் பயிற்சி தரத் தொடங்கியது. எட்டு ஆண்டுகள் கழித்து, 1989 ஜூலை 19 அன்று அந்நிறுவனத்தின் இன்னொரு விமானம் நடுவானில் எல்லா ஹைட்ராலிக் இணைப்புகளையும் இழந்து சூ சிட்டியில் விழுந்தது. திருப்பவே முடியாத விமானத்தை, பயணியாக வந்திருந்த இன்னொரு விமானியையும் ஓட்டியறைக்குள் சேர்த்துக்கொண்டு, நால்வரும் பேசிப் பேசி ஓடுதளம்வரை கொண்டுவந்தார்கள். 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். அந்தக் குழுப் பயிற்சி இல்லையென்றால் இது நடந்திருக்காது என்று தலைமை விமானி ஆல் ஹேன்ஸ் பின்னாளில் பல மேடைகளில் சொன்னார். நமக்கு அருகிலும் ஒரு சான்று உண்டு, துயரமான சான்று. 2010 மே 22 அன்று துபாயிலிருந்து வந்த விமானம் மங்களூருவில் ஓடுதளம் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 158 பேர் இறந்தார்கள். இறங்க வேண்டாம், மேலெழும்பிச் சுற்றி வருவோம் என்று துணை விமானி மூன்று முறை சொன்னது விசாரணையில் பதிவானது. தலைமை விமானி கேட்கவில்லை.

விமானிகளுக்கு இதை எப்படிக் கற்பித்தார்கள் என்பது இன்னும் கவனிக்கத்தக்கது. ‘மரியாதையாகப் பேசுங்கள், கவனமாகக் கேளுங்கள்’ என்ற சொற்பொழிவோடு அது நிற்கவில்லை. பாவனை ஓட்டியறையில் முழுக் குழுவையும் உட்காரவைத்து, புறப்பாடு முதல் தரையிறக்கம்வரை ஒரு பயணத்தை நடத்தி, வழியில் ஒருவர் தனியாகச் சமாளிக்க முடியாத ஒரு கோளாறைப் புகுத்துகிறார்கள். பயணம் முடிந்ததும் பெரும்பாலும் காணொளிப் பதிவைப் போட்டுக்காட்டி, ‘இந்த இடத்தில் நீங்கள் சொன்னதை அவர் கேட்டாரா? கேட்கவில்லை என்று தெரிந்தும் ஏன் விட்டுவிட்டீர்கள்?’ என்று அவர்களையே பேசவைக்கிறார்கள். முதலில் சிக்கல், அடுத்து திரும்பிப் பார்த்தல். முதலாவது இல்லாமல் இரண்டாவது வெறும் உபதேசம்; இரண்டாவது இல்லாமல் முதலாவது வெறும் வேலை. வேலையைச் செய்துமுடித்த களைப்பில் ‘எப்படிப் பேசினோம்’ என்று யாரும் தாமாகக் கேட்டுக்கொள்வதில்லை. விடை சரியாக வந்துவிட்டால் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

என்ன மாதிரியான சிக்கல், எத்தனை பேர் என்பதற்கும் விடைகள் இருக்கின்றன. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பாட்ரீசியா ஹெல்லரும் அவருடைய சகாக்களும் முதலாண்டு இயற்பியல் வகுப்பில் நடத்திய சோதனைகளின் முடிவுகள் 1992இல் வெளிவந்தன. பாடநூலின் முடிவில் வரும் வழக்கமான கணக்கைக் குழுவிடம் கொடுத்தால் குழு பேசாது. சூத்திரம் தெரிந்தவர் போட்டுவிடுவார், மற்றவர்கள் பார்த்து எழுதிக்கொள்வார்கள். அதனால், எதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதையே முதலில் பேசி முடிவு செய்யவேண்டிய, தேவையற்ற தகவல்களும் கலந்த, நிஜ வாழ்க்கையை ஒட்டிய கணக்குகளை உருவாக்கினார்கள். இருவர் போதவில்லை, நால்வரில் ஒருவர் ஒதுங்கிவிடுகிறார், மூவரே பொருத்தம் என்று கண்டார்கள். மூவருக்கும் சுழற்சியாகப் பொறுப்பு: ஒருவர் நடத்திச்செல்பவர், ஒருவர் எழுதிச் சரிபார்ப்பவர், மூன்றாமவர் ஐயம் எழுப்புபவர். இந்த மூன்றாவது வேலை நம் வழக்கில் ‘முட்டுக்கட்டை போடுவது’. அதை வசவாகத்தான் பயன்படுத்துகிறோம். ஆனால் தேரோட்டம் பார்த்தவர்களுக்குத் தெரியும்: வடம் பிடிக்கிற ஆயிரம் பேர் தேரை நகர்த்துவார்களே ஒழியத் திருப்ப மாட்டார்கள். வீதி முனையில் சக்கரத்தின் அடியில் கட்டையைக் கொடுப்பவர்தான் தேரைத் திருப்பி நிலைக்குக் கொண்டுவருகிறார்.

இந்த வெளிச்சத்தில் நம் வகுப்பறைகளைப் பார்ப்போம். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007 வாக்கில் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றல், ரிஷிவேலி பள்ளியின் முறையிலிருந்து வளர்ந்தது. பிள்ளைகளைப் பெஞ்சிலிருந்து இறக்கிப் பாயில் வட்டமாக உட்காரவைத்த அந்த ஒரு மாற்றமே பெரிய சாதனை. ஆசிரியர் உதவியோடு கற்கும் குழு, சக மாணவர் உதவியோடு கற்கும் குழு, தானே கற்கும் குழு என்றெல்லாம் பிரித்திருந்தார்கள். ஆனாலும் கற்றல் ஏணியில் ஒவ்வொரு பிள்ளையும் தன் அட்டையை எடுத்துத் தன் படியில்தான் ஏறியது; சக மாணவர் உதவினார், சேர்ந்து தீர்க்கவேண்டிய பொதுச் சிக்கல் என்று ஒன்று நடுவில் இல்லை. வட்டமாக உட்கார்ந்தாலே கூடிக் கற்றல் ஆகிவிடாது என்பதை அப்போதே கவனித்திருக்கலாம். மேல்படிப்புக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம். பொறியியல் இறுதியாண்டு ‘புராஜெக்ட்’ பெயரளவில் மூன்று நான்கு பேர் கொண்ட ‘பேட்ச்’. ஒருவர் செய்வார், மற்றவர்கள் அறிக்கையில் பெயர் போட்டுக்கொள்வார்கள். அந்த ஒருவரும் செய்யாமல் புராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கிவருவதும் ஊரறிந்த ரகசியம். நால்வர் சேர்ந்து பேசக் கிடைத்த ஒரே வாய்ப்பு, நால்வர் சேர்ந்து பணம் கட்டுவதில் முடிந்துபோகிறது.

அப்படியானால் தமிழ்நாட்டில் மேசைப் பேச்சே இல்லையா? இருக்கிறது, நாம் கல்வி என்று எண்ணாத இடத்தில் இருக்கிறது. 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள், என் கணிப்பில், இந்த மாநிலம் கண்ட மிகப்பெரிய உரையாடல் பள்ளி. 12 முதல் 20 பெண்கள். வாரந்தோறும் அல்லது மாதந்தோறும் கூட்டம். கையில் இருக்கும் சேமிப்பு கொஞ்சம், உள்கடன் கேட்பவர்கள் நிறைய. ஒருத்திக்கு மகளின் கல்லூரிக் கட்டணம், ஒருத்திக்கு மாட்டுக்கு வைத்தியம், ஒருத்தி போன தவணையே இன்னும் கட்டவில்லை. யாருக்கு முதலில்? இந்தக் கேள்விக்குப் பாடநூலில் விடை கிடையாது. யாரும் தனியாக முடிவெடுக்கவும் முடியாது, ஏனென்றால் கடன் திரும்பாவிட்டால் நட்டம் எல்லோருக்கும். பேசித்தான் ஆகவேண்டும்; பேசியதைத் தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டாக வேண்டும்; தவணை தவறினால் அடுத்த கூட்டத்தில் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாக வேண்டும். கூட்டத்தை நடத்தும் ஊக்குநரும் பிரதிநிதிகளும் மாறி மாறி வரவேண்டும் என்பதும் ஏற்பாடு. உண்மையான சிக்கல், சுழலும் பொறுப்பு, திரும்பிப் பார்த்தல் ஆகிய மூன்றும் இங்கே கூடியிருக்கின்றன. எல்லாக் குழுவும் இப்படி ஒழுங்காக நடந்தது என்று சொல்ல வரவில்லை. ஊக்குநரே எல்லாமாகிப்போன குழுக்களும் உண்டு. ஆனால், வீட்டுக்கு வெளியே வாய் திறக்காத பெண்கள் வங்கி மேலாளரிடம் நின்று வாதாடும் நிலைக்கு வந்தது எந்தப் பேச்சுப் பயிற்சி வகுப்பாலும் அல்ல.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதலாவது, நன்றாகப் படிக்கும் பிள்ளையின் பெற்றோர் எழுப்புவது: என் மகள் உழைக்க, மற்றவர்கள் ‘ஓ.பி.’ அடிப்பார்களே? நியாயமான கோபம். பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கல்மான் கயிறு இழுக்கும் சோதனையில் கண்டதை 1913இலேயே வெளியிட்டார்: எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தால் ஆளுக்கு வெளிப்படும் விசை, தனியாக இழுக்கும்போது வெளிப்படுவதில் ஏறத்தாழ பாதிதான். கொஞ்சம் ஒருங்கிணைவுக் குறை, கொஞ்சம் சோம்பல். அதனால்தான் மூவர் என்கிறேன், எட்டுப் பேர் என்று சொல்லவில்லை. கல்வி ஆய்வாளர் ராபர்ட் ஸ்லாவின் பல பத்தாண்டுகளின் ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னதும் இதுவே. குழுவுக்குப் பொது இலக்கும், ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பொறுப்பும் இருந்தால்தான் கூடிக் கற்றல் பலன் தரும்; ஒரே மதிப்பெண்ணை எல்லோருக்கும் அள்ளிக் கொடுத்தால் தராது. குழுவாகத் தீர்த்த கணக்கின் சாயலில் இன்னொன்றைத் தனித்தனியே எழுதவைத்தால் ஓ.பி.க்கு இடம் குறையும். நன்றாகப் படிப்பவருக்கு நட்டம் என்பதையும் மினசோட்டா தரவுகள் மறுக்கின்றன: குழு தந்த தீர்வுகள், அந்தக் குழுவின் மிகச் சிறந்த மாணவர் அதே தரக் கணக்குக்குத் தனியாகத் தந்த தீர்வைவிட மேலாக இருந்தன. 

இரண்டாவது மறுப்பு, தனியாக யோசிப்பதே மேல் என்பது. அதற்கும் ஆதாரம் உண்டு. 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனையில், சேர்ந்து உட்கார்ந்து யோசனைகளை அள்ளிவீசிய நால்வரைவிட, தனித்தனியே யோசித்த நால்வரின் பட்டியல்களைக் கூட்டியபோது அதிக யோசனைகள் கிடைத்தன. இதை நான் முழுதாக ஏற்கிறேன். ஒருவர் பேசும்போது மற்றவருக்குத் தோன்றியது மறந்துபோகிறது, அவ்வளவுதான். ஆகவே முதல் ஐந்து நிமிடம் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு தாளில் எழுதட்டும், பிறகு பேசட்டும். எழுதிவைத்ததைச் சொல்லாமல் விழுங்குவதும் கடினம். ஸ்டாஸரும் டைட்டஸும் காட்டிய பள்ளத்துக்கும் இதுவே ஓரளவு மருந்து.

மூன்றாவது மறுப்புதான் கனமானது. நம் வகுப்பறை சமமானவர்களின் மேசை இல்லை. சாதி, பால், ஆங்கிலம், அப்பாவின் வேலை எல்லாம் அந்த மூவருக்கு நடுவிலும் வந்து உட்கார்ந்துகொள்ளும்; ஆசிரியர் கண்ணுக்கு எட்டாத சின்னக் குழுவில் அவற்றின் ஆட்டம் கூடுதலாகவே இருக்கலாம். மினசோட்டாவிலேயே, இரண்டு ஆண்களோடு ஒரு பெண் இருந்த குழுக்களில், அந்தப் பெண்ணே சிறந்த மாணவியாக இருந்தபோதும் ஆண்கள் அவர் சொன்னதை ஒதுக்கிவிட்டுத் தவறான வழியில் போனது பதிவாகியிருக்கிறது. தமிழ்நாட்டின் கிராம சபைகளில் பேசப்பட்டதை எழுத்தாக்கி ஆராய்ந்து 2019இல் வெளிவந்த ஆய்வும், பெண்கள் பேசும் வாய்ப்பு குறைவு, பேசினாலும் அலுவலர்களிடமிருந்து பொருத்தமான பதில் கிடைக்கும் வாய்ப்பு குறைவு என்றே சொன்னது. முரணைப் பாருங்கள்: 2015இல் பன்னாட்டு மாணவர் மதிப்பீடான பீசா தேர்வின் ஒரு பகுதியாக, 15 வயது மாணவர்கள் கூடிச் சிக்கல் தீர்க்கும் திறனை 52 கல்வி அமைப்புகளில் அளந்தபோது, ஒன்றுவிடாமல் எல்லாவற்றிலும் பெண்களே முன்னால் நின்றார்கள். 2010இல் 699 பேரைச் சிறு குழுக்களாக்கி அனிட்டா வூலியும் சகாக்களும் நடத்திய ஆய்வில், குழுவின் வெற்றியை முன்னறிவித்தவை உறுப்பினர்களின் சராசரி அறிவுத்திறனைவிட, அடுத்தவர் மனதைப் படிக்கும் நுண்ணுணர்வும் பேச்சு எல்லோருக்கும் சமமாகப் பகிரப்பட்டதும்தான் என்று முடிவு வந்தது. பெண்கள் அதிகம் இருந்த குழுக்களே மேலாகவும் இருந்தன. (அறிவுத்திறனின் பங்கு இவ்வளவு குறைவாக இருக்காது என்று பின்னால் வந்த சிலர் மறுத்திருக்கிறார்கள், விவாதம் முடியவில்லை.) யாரிடம் இந்தத் திறன் கூடுதலாக இருக்கிறதோ அவர் பேச்சைத்தான் குழு முதலில் தள்ளிவிடுகிறது.

ஆனால், ஏற்றத்தாழ்வு இருக்கிறது என்பதற்காகக் குழுவையே வேண்டாம் என்பது, நீச்சல் தெரியாதவனைக் கரையிலேயே நிறுத்திவைப்பது போலாகும். 1971இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் இனப் பிரிவினை நீக்கப்பட்டு, வெள்ளையர், கறுப்பர், மெக்சிக வழிப் பிள்ளைகள் முதன்முறையாக ஒரே வகுப்பில் அமர்ந்தபோது கைகலப்பு வரை போனது. உளவியலாளர் எலியட் அரோன்சன் அங்கே கொண்டுவந்த முறை எளியது: பாடத்தைத் துண்டுகளாக்கி ஆளுக்கொன்று கொடுத்தார். ஒவ்வொருவர் துண்டும் மற்றவர்களுக்குத் தேவை. கேலி செய்து ஒருவன் வாயை அடைத்தால் அவன் துண்டு உங்களுக்குக் கிடைக்காது, தேர்வில் நட்டம் உங்களுக்கே. நல்லெண்ணத்தை நம்பாமல் தேவையை உண்டாக்கினார். கிராம சபை ஆய்வின் இன்னொரு முடிவும் இதையே சுட்டுகிறது: தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதால் பெண்கள் கூடுதலாகப் பேசிவிடவில்லை, ஆனால் பேசிய பெண்களின் சொல் காதில் விழும் வாய்ப்பு கூடியது. நடத்துபவர் மாறினால் கேட்கும் விதம் மாறுகிறது. பொறுப்பைச் சுழற்ற வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

அறுபது பேர் வகுப்பில் இருபது குழுக்களை ஓர் ஆசிரியர் எப்படிக் கவனிப்பார், பாடத்திட்டம் எப்போது முடியும் என்று கேட்பார்கள். எல்லாக் குழுவையும் கவனிக்க வேண்டாம். ஒரு பாடவேளைக்கு இரண்டு குழுக்களோடு உட்கார்ந்தால் கல்வியாண்டு முடிவதற்குள் எல்லோரோடும் உட்கார்ந்துவிடலாம். தனிப்பாடமும் வேண்டாம், கணிதத்திலும் அறிவியலிலும் இருக்கும் கணக்குகளில் பத்தைத் திருத்தி எழுதினால் போதும். இருவாரத்துக்கு ஒரு பாடவேளை, அதில் கடைசிப் பத்து நிமிடம் கணக்கை மூடிவைத்துவிட்டுப் பேசிய விதத்தைப் பேசுவதற்கு. எனக்கு உண்மையில் கவலை தருவது வேறு: இது ஒரு சுற்றறிக்கையாக மாறிவிடுவது. அறுவை சிகிச்சைக்கு முன் மருத்துவரும் செவிலியரும் ஒருவருக்கொருவர் பெயர் சொல்லி அறிமுகமாகி, ஐயங்களை வாய்விட்டுச் சொல்லும் சரிபார்ப்புப் பட்டியலை உலக சுகாதார நிறுவனம், டெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் சோதித்தபோது இறப்பு விகிதம் 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. அதே பட்டியலைக் கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் எல்லா மருத்துவமனைகளிலும் கட்டாயமாக்கியபோது குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை என்று 2014இல் ஓர் ஆய்வு சொன்னது. கட்டங்களில் டிக் அடிப்பதும் ஒருவரோடு ஒருவர் பேசுவதும் ஒன்றல்லவே. ‘குழுச் செயல்பாடு நடத்தப்பட்டது’ என்று புகைப்படத்தோடு செயலியில் பதிவேற்றும் நாள் நம் பள்ளிகளில் வந்துவிட்டால், இந்த முயற்சி அன்றோடு முடிந்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ‘கம்யூனிகேஷன் ஸ்கில்’ என்றால் தமிழ்நாட்டில் ஆங்கிலம் பேசுவது என்றே பொருளாகிவிட்டது. ஆங்கிலம் தேவை, அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால், ‘நீ சொன்னது எனக்குப் புரியவில்லை, இன்னொரு முறை சொல்’ என்பதையும், ‘நான் சொன்னது தப்பு, உன் வழிதான் சரி’ என்பதையும் தமிழில் சொல்லத் தயங்குகிற ஒருவர் ஆங்கிலத்தில் மட்டும் எப்படிச் சொல்வார்? இந்த இரண்டு வாக்கியங்களைக் கூச்சமில்லாமல் சொல்லப் பழகுவது முதலில் யோசிக்கிற மொழியில் நடக்கட்டும். 2022இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் ‘நான் முதல்வன்’ திட்டம் லட்சக்கணக்கான மாணவர்களைச் சென்றடைகிறது. அதன் மொழித்திறன் வகுப்புகளில் ஒரு சிறு பங்கைத் தமிழில் கூடிச் சிக்கல் தீர்ப்பதற்கு ஒதுக்கப் பெரிய செலவு ஆகாது.

கல்லூரிகளுக்கு ஆள் எடுக்க வரும் நிறுவனங்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாணவர்கள் நீங்கள் சோதிப்பதைத்தான் படிப்பார்கள். கல்லூரிகளும் அதைத்தான் கற்பிக்கும். அடுத்த முறை ஜி.டி. சுற்றில் எட்டுப் பேரை உட்காரவைத்துத் தலைப்பைக் கொடுக்காதீர்கள். மூன்று மூன்று பேராகப் பிரித்து ஒரு கணக்கைக் கொடுங்கள். விடைக்கான தகவலை மூவருக்கும் பங்குபோட்டுக் கொடுங்கள். தமிழோ ஆங்கிலமோ அவர்கள் விருப்பத்துக்கு விடுங்கள். யார் முதலில் பேசினார் என்று குறித்துக்கொள்ளும் அதே தாளில், யார் சொன்னதை யார் எடுத்துக்கொண்டார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.